ஐயாவின் மொறிஸ் மைனரை மரத்தில் செய்தது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐயா, என் அப்பா, யாழ்ப்பாணத்தில் 34 வருடம் ஹயர் கார் ஓடியவர். அவருடைய ஆட்டைத் திவசத்துக்கு (முதலாண்டு நினைவு நாளுக்கு) நாங்கள் நினைவு மலர் அடிக்கவில்லை. அந்தக் காரை ஒரு அடி நீளத்தில் மரத்தால் செய்து முன்விறாந்தையில் வைத்தேன். வந்தவர்கள் சோறு ஆறும்வரை அதைச் சுற்றி நின்று கேட்ட கேள்விகளும், பிறகு தொலைபேசியில் வந்த கேள்விகளும்தான் கீழே இருப்பவை. நான் ஓடாவி (தச்சன்) இல்லை. கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவன். பிழை விட்ட இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

எந்தக் கார் இது?

1955ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், இரண்டாம் தொடர், நாலு கதவு. ஐயா 1969இல் வாங்கும்போதே அதற்கு 14 வயது. 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்து 1971 வரை செய்யப்பட்ட வண்டி இது. மொத்தம் 16 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1959இல் மினி காரைத் தந்தவரும் அவர்தான். வடிவமைப்புக் காலத்தில் இந்தக் காருக்கு வைத்திருந்த பெயர் ‘மொஸ்கீற்றோ’, அதாவது நுளம்பு. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “சத்தத்துக்குப் பொருத்தம்தான்” என்றா.

எங்களுடையதில் முன்கண்ணாடி இரண்டு துண்டு, நடுவில் ஒரு கம்பி. 1956 கடைசியில் வந்த ‘மைனர் 1000’இல்தான் அது ஒரே வளைந்த கண்ணாடியானது. நீங்கள் செய்யப்போவது எது என்று முதலில் தெளிவாகிக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் கார் தெரிந்த ஒருவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். எங்கள் சித்தப்பா பிடித்தார். நல்லகாலம், அப்போது அது மட்டையில் வெட்டிய மாதிரியாகத்தான் இருந்தது.

எங்கள் அப்பாவிடம் இருந்தது ஒஸ்ரின். இதே முறை சரிவருமா?

சரிவரும். நீளம், அகலம், உயரம், முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைப்பட்ட தூரம் ஆகிய நாலும் கிடைத்தால் போதும்.

எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. எதைப் பார்த்துச் செய்வது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். இடம்பெயர்ந்தபோது படப்பெட்டி தொலைந்த வீடுகள்தானே எங்கள் பக்கத்தில் அதிகம். எங்களிடம் மிஞ்சியது ஒன்றே ஒன்று. 1971இல் எடுத்த கலியாணப் படம். அதில் கார் பாதிதான் தெரிகிறது. வலப்பக்க விளக்கை மாப்பிள்ளைத் தோழனின் கை மறைத்துக்கொண்டிருக்கிறது.

தொழிற்சாலை அளவுகளை எங்கும் எடுக்கலாம். மொறிஸ் மைனரின் நீளம் 12 அடி 4 அங்குலம், அகலம் 5 அடி 1 அங்குலம், உயரம் ஏறக்குறைய 5 அடி, சில்லிடைத் தூரம் 86 அங்குலம். பக்கவாட்டில் நேராக எடுத்த படம் ஒன்று கிடைத்தால் அதில் சில்லிடைத் தூரத்தை அளந்து, அதையே அளவுகோலாக வைத்து மற்றவற்றைக் கணக்குப் பார்க்கலாம். சரிந்த கோணத்தில் எடுத்த படத்தில் இதைச் செய்யவேண்டாம். முன்பக்கம் பெருத்தும் பின்பக்கம் சிறுத்தும் வரும், நீங்களும் அதையே நம்பி மரத்தை வெட்டிவிடுவீர்கள். யாராவது இன்னும் அந்தக் காரை வைத்திருந்தால் ஒரு அளவு நாடாவோடு போய்விடுங்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் அநேகமாக ஆசையாகக் காட்டுவார்கள், தேத்தண்ணியும் கிடைக்கும்.

ஆனால் இவ்வளவும் ஒரு மொறிஸ் மைனருக்குத்தான் காணும். உங்கள் வீட்டுக் காருக்கு ஆட்களைத்தான் கேட்கவேண்டும். நான் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அம்மாவிடமும் அண்ணரிடமும் அக்காவிடமும் சித்தப்பாவிடமும் தனித்தனியாகப் போனேன். ஒன்றாக இருத்திக் கேட்டால் சத்தமாகப் பேசுகிறவரின் நினைவுதான் எல்லாருடைய நினைவும் ஆகிவிடும். “கார் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருந்தது” என்று முடித்துவிடுவார்கள். “நீங்கள் எந்தப் பக்கத்தால் ஏறுவீர்கள்? கால் எங்கே வைப்பீர்கள்? மழை பெய்தால் எங்கே ஒழுகும்?” என்று கேளுங்கள். அக்கா பின்சீற்றின் கிழிசலைப் படமே கீறிக் காட்டினா. பள்ளிக்கூடம் போகும்போது அந்தக் கிழிசலுக்குள் விரலை விட்டுக்கொண்டு போவாவாம். அது எனக்கு அதுவரை தெரியாது.

ஆளுக்கு ஒரு கதை சொன்னால்?

சொல்வார்கள். மேலே கரியர் இருந்தது என்கிறார் அண்ணர். அது பிறகு பூட்டியது என்கிறா அக்கா. நான் தீர்ப்புச் சொல்லப் போகவில்லை. கரியரைப் பித்தளைக் கம்பியில் தனியாகச் செய்து, கழற்றிப் பூட்டக்கூடியதாக விட்டேன். அண்ணர் வந்தால் பூட்டுவார், அக்கா வந்தால் கழற்றுவா.

என்ன அளவில் செய்வது நல்லது?

பன்னிரண்டில் ஒன்று. அடிக்கு ஒரு அங்குலம் என்று வரும், கணக்கே தேவையில்லை. 12 அடி 4 அங்குலம் என்பது 12 அங்குலமும் இன்னொரு அங்குலத்தின் மூன்றில் ஒன்றும். அகலம் 5 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. 86 அங்குலச் சில்லிடைத் தூரம் 7 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். எங்கள் ஓடாவிமாருக்கு இன்னும் அடியும் அங்குலமும்தான் வாயில் வரும். “ஒரு அடிக்கு ஒரு அங்குலம்” என்றதும் பிடித்துக்கொள்வார்கள். இதைவிடச் சிறிதாக்கினால் முன்பக்கக் கம்பிகளை உளியால் எடுக்கமுடியாது. பெரிதாக்கினால் வைக்க அலுமாரி தேடவேண்டும்.

எந்த மரம்?

நான் எடுத்தது முதிரை. எங்கள் பழைய வீட்டுக் குசினிக் கதவின் நிலை அது. ஷெல் விழுந்து மேல்பாதி சிதறிப்போக, மிச்சத்தை ஐயா கொட்டிலில் சாத்திவைத்திருந்தார். ஐம்பது, அறுபது வருடம் காய்ந்த மரம் கடையில் கிடைக்காது. அதனால், வேறு எந்த மரத்தையும் தேடுமுன் உங்கள் வீட்டில் உடைந்த கட்டில், யன்னல், மேசைக்கால் ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். ஆணி இருக்கிறதா என்று மட்டும் காந்தத்தால் தடவிக்கொள்ளுங்கள். நான் தடவாமல் ஒரு உளியின் வாயைப் பறிகொடுத்தேன்.

முதிரையில் ஒரு சங்கடம் உண்டு. பட்டுப்போல மினுங்கும், ஆனால் நார் முன்னும் பின்னுமாகப் பின்னிக் கிடக்கும். சீவுளி ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், மறுபக்கம் பிய்க்கும். தூள் சிலருக்குத் தோலில் கடி கொடுக்கும். எனக்கு முழங்கை வரை சிவந்தது. முகக்கவசமும் நீளக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல்முறை செய்பவருக்குப் பலா நல்லது. மெதுவாக வெட்டுப்படும், மஞ்சள் நிறம் நாள்போக நல்ல பழுப்பாகும். பூவரசும் நல்லது, அதன் வைரம், அதாவது கருத்த உள்மரம், சில்லுக்கு மிகவும் பொருந்தும். யாழ்ப்பாணம் என்றால் பனைதானே என்று கேட்டு இரண்டு பேர் பனங்கட்டை கொண்டுவந்து தந்தார்கள். பனை கூரை வளைக்கு ஆகும், தீராந்திக்கு ஆகும். இப்படி உருண்ட வளைவு எடுக்க ஆகாது. நார் நாராகப் பிரிந்து கையில் ஏறும்.

ஒரே கட்டையில் செதுக்குவதா, பலகை ஒட்டிச் செய்வதா?

பலகை ஒட்டி. முதல் காரை நான் ஒரே வேப்பங்கட்டையில்தான் செதுக்கினேன். இரண்டு மாத வேலை. அதைத்தான் கனடாவில் இருக்கும் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். தை மாதம் படம் அனுப்பினா: பொனற்றிலிருந்து (எஞ்சின் மூடியிலிருந்து) கூரை வரை ஒரு வெடிப்பு, விரல்நகம் போகும் அகலத்தில். வீட்டுக்குள் சூடாக்கி ஓடுவதால் அங்கே குளிர்காலத்தில் காற்று காய்ந்துபோகும். மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். அதிலும் வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கட்டையின் நடுக்குருத்து உள்ளேயே இருந்தால் இந்த இழுபறியில் எங்காவது பிளந்துதான் ஆகும். என் கட்டையில் குருத்து நடுக்காருக்குள் இருந்தது. மரமும் சரியாகக் காயவில்லை.

இரண்டாவதுக்கு முக்கால் அங்குலப் பலகை ஆறு எடுத்தேன். கீழே இரண்டு, நடுவில் இரண்டு, கூரைக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பலகையிலும் அந்த உயரத்தில் கார் மேலிருந்து எப்படித் தெரியுமோ அந்தக் கோட்டைக் கீறி, வெளிப்பக்கம் கொஞ்சம் தாராளமாக விட்டு வெட்டினேன். உள்பக்கத்தையும் ஒட்டுமுன்னரே வெட்டி எடுத்துவிடவேண்டும். ஒட்டியபின் குடைவது பெரிய கரைச்சல். எல்லாப் பலகையின் நாரும் ஒரே திசையில், நீளவாக்கில் இருக்கட்டும். ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் தடிப்பில் அவை ஒன்றையொன்று இழுத்து ஒட்டைப் பிரிக்கும். வெள்ளைப் பசை, ஒரு இரவு முழுக்க இறுக்கிக் கட்டி வைத்தல். விடிய எழும்பிப் பார்த்தால் ஒரு படிக்கட்டு மாதிரி இருக்கும். அதைக் காராக்குவதுதான் மிச்ச வேலை.

மட்டையில் பக்கத்தோற்றம், முன்தோற்றம், மேல்தோற்றம் மூன்றையும் வெட்டி வைத்துக்கொண்டு, செதுக்கச் செதுக்க மரத்தில் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் மட்டை தொடவில்லை. தொடுகிற இடத்தில்தான் இன்னும் வெட்டவேண்டும்.

எல்லாம் சரி, முகம் மட்டும் மொறிஸ் மைனர் மாதிரி வரவில்லை. ஏன்?

பொனற்றின் நடுவைப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு தட்டையான பட்டி ஓடும். அதை விட்டிருப்பீர்கள்.

அதற்கு ஒரு கதை இருக்கிறது. மாதிரி வண்டி முடிந்தபின் இஸிகோனிஸுக்கு அது ஒடுக்கமாகத் தெரிந்ததாம். அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, நாலு அங்குலம் கூட்டினார். கூட்டிய அந்த நாலு அங்குலம்தான் பொனற்றில் பட்டியாக நிற்கிறது. பம்பர்கள் முன்னமே செய்து முடிந்திருந்ததால் ஆரம்பகால வண்டிகளில் பம்பரையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்து இணைத்தார்கள். நம் அளவில் அந்தப் பட்டி ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒன்று. அதை எடுத்தவுடன் ஐயாவின் கார் என்னைத் திரும்பிப் பார்த்ததுபோல இருந்தது.

மற்ற இடமெல்லாம் நேர்கோடு கிடையாது. கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபு முதல்முறை பார்த்துவிட்டு, தண்ணீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டை போல இருக்கிறது என்று முகம் சுளித்தார் என்பார்கள். செதுக்குபவருக்கு அது நல்ல ஆலோசனை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுங்கள், முட்டையில் தட்டுப்படாத எதுவும் இதிலும் தட்டுப்படக்கூடாது. 80ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரில் தொடங்கி 120, 240, கடைசியில் 400.

விளக்குகள் மட்காட்டின் மேலே இருக்கின்றன. ஆரம்பகால வண்டிகளில் அவை கீழே கிறில் என்ற முன்பக்கக் கம்பித் தடுப்புக்குள் இருந்தவை. 1954 கடைசியிலிருந்து கிறில் குறுக்குக் கம்பிகளாக மாறியது, எங்களுடையது அந்த வகை.

சில்லுக்கு என்ன செய்தீர்கள்?

பூவரச வைரத்தைக் கடைசல் பட்டறையில் கொடுத்துக் கடைந்தேன். இரண்டு அங்குல விட்டம், ஐந்து துண்டு, ஒன்று மாற்றுச் சில்லு. அச்சுக்குச் சைக்கிள் கம்பி. சில்லை மட்காட்டுக்கு வெளியே தெரியும்படி வைக்காதீர்கள். மொறிஸ் மைனரில் அது நன்றாக உள்ளே தள்ளி நிற்கும்.

யன்னல் கண்ணாடி?

போடவில்லை. வெறுமையாகவே விட்டேன். யாழ்ப்பாணத்து வெயிலில் அந்த யன்னல்கள் ஏற்றிக் கிடந்ததை நான் கண்டதில்லை.

பொனற் திறக்கிறதே! உள்ளே இருக்கும் அந்தச் சின்னக் குழாய் என்ன?

அது பெற்றோல் போத்தல். கதவுகூடத் திறக்காத காரில் பொனற் மட்டும் திறப்பது அதற்காகத்தான்.

1990 நடுப்பகுதியில் திரும்பவும் சண்டை தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. புதிய ஜப்பான் வாகனங்கள் எல்லாம் வீட்டு மூலையில் படுத்துவிட்டன. திரும்ப எழும்பி ஓடியவை மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும்தான், மண்ணெண்ணெயில். இந்தப் பழைய எஞ்சின்கள் எண்ணெயும் காற்றும் சேர்ந்த கலவையை அதிகம் அழுத்துவதில்லை. எங்களுடைய 803 சிசி எஞ்சினில் சுருக்க விகிதம் ஏழுக்குச் சற்று மேல்தான். மண்ணெண்ணெயை அதிகம் அழுத்தினால் உரிய நேரத்துக்கு முன்னரே பற்றி எஞ்சின் தட்டும். குறைவாக அழுத்துகிற எஞ்சினில் முக்கி முனகி ஓடிவிடும்.

ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் முதலில் கொஞ்சம் பெற்றோலில் எடுத்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்தக் கொஞ்சம் பெற்றோல், எண்ணெயைக் காற்றோடு கலக்கும் கார்பரேற்றருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய போத்தலில் தொங்கும். ஐயா அதை மருந்துபோல அளந்து விடுவார். இடைவழியில் நிறுத்தச் சொல்லி யாராவது கேட்டால் “எஞ்சினை நிப்பாட்டேலாது, கெதியாய் வாங்கோ” என்பார். நிப்பாட்டினால் திரும்பவும் பெற்றோல் வேணும். எங்கள் உடுப்பு, புத்தகம், சோத்துப் பார்சல் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் மணம். வகுப்பில் என் பக்கத்தில் இருந்த ஆசிரியர் கதிரையை மெல்ல நகர்த்துவார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க, யாழ்ப்பாண நகரும் சுற்றியுள்ள ஊர்களும் அடங்கிய வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது எங்கள் காரும் அந்தச் சனத்துக்குள் நின்றது. மழை. காருக்குள் 13 பேர் என்கிறா அம்மா, 11 என்கிறார் அண்ணர். எஞ்சின் 30 குதிரைவலு. அன்று நடந்து போகிறவர்கள் எங்களை முந்திப் போனார்கள். ஊர்ந்து ஊர்ந்து எஞ்சின் கொதித்தது. எஞ்சினை நிறுத்தினால் கொதி அடங்கும், ஆனால் போத்தலில் இருந்தது ஒரு தடவைக்குத்தான் காணும். ஐயா நிறுத்தி, இறங்கி, எங்களை உள்ளே இருக்கவிட்டுக் காரைத் தள்ளினார். வழியில் யாரென்று தெரியாத நாலைந்து பேர் கைகொடுத்தார்கள். போத்தலில் இருந்ததைப் பாலம் கடந்து, சனம் விலகியபிறகுதான் விட்டார்.

மாதிரியில் இருப்பது குமிழ்முனைப் பேனையின் தெளிந்த குழாய், அரை அங்குலத் துண்டு. உள்ளே ஒரு சொட்டுத் தேன்நிற வார்னிஷ்.

ஏன் வண்ணம் பூசவில்லை?

வண்ணம் பூசுவதானால் முதிரை எதற்கு? அரக்குப் பொலிஷ் நாலு தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் மெல்ல உரசல். அதோடு, எங்கள் கார் ஒருகாலத்தில் சாம்பல், பிறகு பச்சை, கடைசியில் இரண்டும் தெரியும். எந்த வருடத்தைப் பூசுவது?

இடப்பக்க முன்மட்காட்டில் ஒரு நெளிவு இருக்கிறதே, பழுதா என்று கேட்கிறார்கள். பழுதில்லை. ஐயா மதகில் இடித்தது. ஒரு முழு நாள் இருந்து செதுக்கினேன், நெளிவைச் செதுக்குவது வளைவைச் செதுக்குவதைவிடக் கடினம்.

இலக்கத் தகடு?

மரத்தில் எழுத்தைச் சுட்டுப் பதித்தேன். உங்கள் காரின் காலத்தைப் பாருங்கள். எங்களுடையதில் இரண்டு ஆங்கில எழுத்தும் நாலு இலக்கமும். 1950களின் கடைசியில்தான் சிங்கள ஸ்ரீ எழுத்து தகட்டில் ஏறியது. 1958இல் அதற்கு எதிராகத் தமிழர் பக்கம் பெரிய போராட்டமே நடந்தது. 1955 வண்டிக்கு ஸ்ரீ போட்டுவைத்தால் பழைய ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான். திரும்பும் பக்கத்தைக் காட்ட, கதவுகளுக்கு நடுவே இருக்கும் தூணில் வெளியே நீளும் கைகாட்டியையும் மறக்கவேண்டாம். மினுங்கும் விளக்கு 1961இல்தான் வந்தது.

எவ்வளவு நாள், எவ்வளவு செலவு?

பின்னேரங்களில் மட்டும் வேலை செய்து நாலு மாதம். மரம் வீட்டுடையது, மிச்சச் செலவு பசையும் தாளும் பட்டறைக் கூலியும்தான். கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே முடிப்பதாகத் தொடங்குங்கள். நான் திவசத்துக்கு முதல்நாள் இரவு பம்பர் பூட்டிக்கொண்டிருந்தேன்.

ஓடாவியிடம் கொடுத்துச் செய்விக்கலாமா?

தாராளமாக. கை நடுங்குகிறவர் உளி பிடிக்கத் தேவையில்லை. ஆனால் கொப்பியை நீங்கள் நிரப்பிக் கொடுங்கள். ஓடாவிக்கு மொறிஸ் மைனர் தெரியும், உங்கள் அப்பாவின் கார் தெரியாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம். மரப்பட்டை ஒட்டியிருக்கக்கூடாது, புழு குடைந்த துளை இருக்கக்கூடாது, எல்லாப் பக்கமும், அடிப்பக்கமும் சேர்த்து, பொலிஷ் போட்டிருக்கவேண்டும். அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகிறவர் மரப்பொருள் இருக்கிறதென்று படிவத்தில் கட்டாயம் எழுதவேண்டும். சில்லுகளைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். அங்கே போனபின் ஹீற்றருக்கு மேலே மட்டும் வைக்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தங்கையிடம் நான் சொல்லவில்லை.

ஐயாவின் படத்துக்குப் பக்கத்திலா வைத்திருக்கிறீர்கள்?

முதல்நாள் அப்படித்தான் வைத்தேன். மாலை போட யாரோ வந்தபோது அம்மா தடுத்துவிட்டா, “காருக்கு என்ன வந்தது?” என்று. இப்போது ரீவீக்குப் பக்கத்தில் நிற்கிறது. பேரப்பிள்ளைகள் எடுத்து ஓட்டுகிறார்கள். மாற்றுச் சில்லு ஏற்கெனவே பாவனைக்கு வந்துவிட்டது.

அம்மா பார்த்துவிட்டு என்ன சொன்னா?

அவவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. மடியில் வைத்துத் தடவிப் பார்த்தா. மட்காட்டின் நெளிவில் கை நின்றது, பிறகு பின்பக்கம் போனது. இடப்பக்கப் பின்கதவில் கொஞ்சநேரம் தடவிவிட்டு, “இது சாத்திக் கிடக்குது” என்றா.

சாத்தித்தானே இருக்கும் என்றேன்.

“இந்தக் கதவு எந்தக் காலம் ஒழுங்காய்ச் சாத்தினது? உன்ர ஐயா கயிறு போட்டெல்லோ கட்டுவார்.”

அண்ணருக்கும் அக்காவுக்கும் தொலைபேசி எடுத்தேன். இரண்டு பேரும் ஒரே கதையைச் சொன்னது அந்த ஒரு விசயத்தில்தான். கொப்பியில் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. அடுத்த நாள் அந்தக் கதவை ஒரு நூல் அளவுக்கு வெளியே தெரியும்படி திரும்பச் செதுக்கி, கைபிடியில் ஒரு துளை போட்டேன். கயிறு அம்மா திரித்துத் தந்தா.